அடுத்த ஆப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் வருமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், வாட்ஸ்அப்பைப் பிற ஆப்களுக்குத் திறந்துவிடச் சொன்ன ஐரோப்பியச் சட்டம் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த வாரப் பக்கத்துக்குப் போதும் என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: 2025 செப்டம்பர், அக்டோபரில் எங்கள் கடைவீதியே ஜோஹோ கம்பெனியின் 'அரட்டை' என்ற மெசேஜிங் ஆப்பை இறக்கியது. நானும் இறக்கினேன். நம்ம ஊர் கம்பெனி, ஆப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது திறந்தால் பேச ஆளில்லை. நல்ல ஆப் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?
– ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு

ஆப் நன்றாக இருப்பதற்கும் அது நிற்பதற்கும் இந்தத் தொழிலில் சம்பந்தம் குறைவு. உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள். புதுச் சேலை வந்தால் போட்டோ போடும் வாடிக்கையாளர் குரூப், ஆர்டர் எடுக்கும் நம்பர், நூல் அனுப்புகிறவர், லாரி ஆபீஸ், பையனின் பள்ளிக்கூடக் குரூப், சொந்தக்காரர் குரூப். இத்தனை பேரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் ஒரே ஆப்புக்கு மாறினால்தான் நீங்கள் நிஜமாக மாற முடியும், அது நடக்கிற காரியமா? நீங்கள் மட்டும் மாறினால் வியாபாரம் போகும், அதனால் மாறமாட்டீர்கள். அவர்களும் உங்களைப் போலவே நினைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள்.

ஏர்டெல்லை விட்டு பிஎஸ்என்எல்லுக்குப் போனால் நம்பர் கூட மாறுவதில்லை, யாரும் உங்களோடு பேசுவதை நிறுத்துவதும் இல்லை. ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவுக்கு மெயில் போடலாம், கம்பெனியின் சொந்த சர்வருக்கும் போடலாம். அந்த இடங்களில் கம்பெனிகள் சேவையைக் காட்டித்தான் ஆளைப் பிடித்துவைக்க வேண்டும். மெசேஜிங்கில் உங்கள் ஆட்களைக் காட்டியே உங்களைப் பிடித்துவைக்கலாம்.

அரட்டையைத் தயாரிக்கும் ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு அந்தச் சமயத்திலேயே சொன்னார்: மெசேஜிங் ஆப்கள் யூபிஐ போல, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று பேச வேண்டும், இன்றைய வாட்ஸ்அப் போல மூடியிருக்கக் கூடாது என்று. பின்தங்கியிருக்கிற கம்பெனி அப்படித்தான் சொல்லும் என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். சொல்பவருக்கு அதில் லாபம் இருக்கட்டும், சொன்ன விஷயம் சரி.

கேள்வி: ஐரோப்பா அப்படி என்னதான் செய்துவிட்டது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– கல்லூரிப் பேராசிரியை, திருநெல்வேலி

டிஜிட்டல் மார்க்கெட்ஸ் ஆக்ட் என்று ஒரு சட்டம், சுருக்கமாக டிஎம்ஏ. 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது, 2023 மே முதல் பொருந்தத் தொடங்கியது. வழக்கமான போட்டிச் சட்டத்தில் ஒரு கம்பெனி தப்பு செய்தபின் விசாரித்து, சந்தையை அளந்து, பத்து வருடம் கழித்துத் தண்டிப்பார்கள். டிஎம்ஏ அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. இவ்வளவு பெரிய கம்பெனி என்றால் இன்னின்ன கடமைகள் உண்டு என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறது. பெரியது என்பதற்கும் கணக்கு இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தில் மாதம் 4.5 கோடி பயனாளர்கள், வருடத்துக்கு 10,000 வணிகப் பயனாளர்கள், அதோடு 750 கோடி யூரோ ஆண்டு விற்றுமுதல் அல்லது 7,500 கோடி யூரோ சந்தை மதிப்பு. இதைத் தொட்ட கம்பெனியை 'கேட்கீப்பர்' என்று அறிவிக்கிறார்கள். 2023 செப்டம்பர் 6 அன்று ஆறு கம்பெனிகளை அறிவித்தார்கள்: ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட். மெசேஜிங் பிரிவில் மாட்டியவை இரண்டு, வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக் மெசஞ்சரும். இரண்டும் மெட்டாவினுடையவை.

உங்கள் மாணவர்கள் படிக்க வேண்டியது அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு. வேறொரு மெசேஜிங் கம்பெனி வந்து கேட்டால் கேட்கீப்பர் தன் ஆப்பை அதற்குத் திறந்துவிட வேண்டும், காசு வாங்கக் கூடாது, கோரிக்கை வந்த மூன்று மாதத்துக்குள் செய்து கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. முதலில் இருவருக்கு இடையேயான எழுத்து, படம், குரல் பதிவு, வீடியோ, ஃபைல். அறிவித்த இரண்டு வருடத்தில் குரூப். நான்கு வருடத்தில் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும், அதாவது 2027 செப்டம்பர். இந்தப் படிப்படியான ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் குரூப்பில் என்க்ரிப்ஷனை, அதாவது மெசேஜை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முறையை, கெடுக்காமல் இரண்டு கம்பெனிகளை இணைப்பது நிஜமாகவே கடினமான எஞ்சினியரிங் வேலை. மீறினால் அபராதம் உலகம் முழுவதும் வரும் விற்றுமுதலில் 10 சதவீதம் வரை, திரும்பத் திரும்ப மீறினால் 20 வரை.

நடந்தது என்ன? மெட்டா 2024 மார்ச்சில் தன் நிபந்தனைகளை வெளியிட்டது. அதன்பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகி, 2025 நவம்பரில்தான் முதல் இணைப்புகளை அறிவித்தது. பேர்டிசாட், ஹைக்கெட் என்று இரண்டு ஆப்கள். நீங்களும் நானும் கேள்விப்பட்டிராத சின்ன கம்பெனிகள். ஐரோப்பாவில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர் செட்டிங்ஸில் போய் இந்த வசதியை அவராகவே இயக்கினால்தான் அங்கிருந்து மெசேஜ் வரும். அந்த மெசேஜ்களைத் தனி ஃபோல்டரில் வைக்கலாம், மற்ற சாட்களோடு கலந்தும் வைக்கலாம்.

இவ்வளவு பெரிய சட்டத்துக்கு விளைச்சல் இவ்வளவுதானா என்று கேட்டால், இதுவரைக்கும் இவ்வளவுதான். ஆனால் ஒரு சின்ன கம்பெனி மெட்டாவின் வாசலில் நின்று 'எனக்கு இணைப்பு கொடு' என்று உரிமையோடு கேட்கலாம், மெட்டா 'முடியாது' என்று கதவைச் சாத்த முடியாது என்கிற நிலைமை உலகத்தில் இதற்கு முன் எங்கேயும் இல்லை. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

கேள்வி: என் தங்கை பாரீஸில் இருக்கிறாள். அவள் வேறு ஆப்புக்கு மாறினால் காரைக்காலில் இருக்கும் என் வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் போட முடியுமா?
– வாசகி, காரைக்கால்

முடியாது. சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்துப் பயனாளர்களுக்கானது, வாட்ஸ்அப் அந்த வசதியை அங்கே மட்டும்தான் கொடுக்கிறது. தங்கை அதே ஆப்பிலிருந்து பாரீஸில் பக்கத்து வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்போடு பேசலாம், உங்களோடு பேச முடியாது. குடும்பம் பாதி இங்கே பாதி அங்கே என்று இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பக்கத்துச் சட்டம் பாதிக் கதவுதான். இந்தியாவிலும் இது வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு உங்கள் கடிதம் போன்றவையும் ஒரு காரணம்.

கேள்வி: வேறு கம்பெனி ஆப்பை உள்ளே விட்டால் என்க்ரிப்ஷன் என்ன ஆகும்? மோசடிக்காரர்கள் இப்போதே தொல்லை கொடுக்கிறார்கள். சிக்னல் ஆப்பே இதில் சேர மாட்டேன் என்று சொல்லிவிட்டதாமே?
– வங்கி ஊழியர், கரூர்

இந்த விவாதத்திலேயே கனமான கேள்வி இதுதான், இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷனில் மெசேஜைத் திறக்கும் சாவி அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரின் கருவிகளில் மட்டும் இருக்கிறது. நடுவில் இருக்கும் கம்பெனியின் சர்வருக்கு அது புரியாத எழுத்துக் குவியல். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியின் ஆப் என்றால் இது சுலபம். வேறு வேறு கம்பெனிகள் என்றால் இரண்டும் ஒரே முறையைப் பேச வேண்டும். மெட்டா வைத்த நிபந்தனை இது: சிக்னல் ப்ரோட்டோகால் என்ற என்க்ரிப்ஷன் முறையைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் உங்களுடைய முறை அதே அளவு பாதுகாப்பானது என்று நிரூபியுங்கள். வாட்ஸ்அப்பே அந்த ப்ரோட்டோகாலில்தான் ஓடுகிறது. எழுத்து அனுப்புகிறவரின் போனிலேயே என்க்ரிப்ட் ஆகித்தான் கிளம்புகிறது. போட்டோ என்றால் என்க்ரிப்ட் ஆன நிலையில் அடுத்த கம்பெனியின் சர்வரில் இருக்கும், உங்கள் வாட்ஸ்அப் அதை மெட்டாவின் ஒரு இடைநிலை சர்வர் வழியாக இறக்கி, உங்கள் போனில் வைத்துத் திறக்கும். சட்டத்திலும் இணைப்பினால் பாதுகாப்பின் தரம் குறையக் கூடாது என்று எழுதியே இருக்கிறது, தேவையான அளவுக்குக் கேட்கீப்பர் தற்காப்பு நடவடிக்கை எடுக்கவும் இடம் உண்டு.

ஆக, வழியில் யாரும் படிக்க முடியாது. அப்படியும் இரண்டு பிரச்சினைகள் மிஞ்சும். ஒன்று, மெசேஜ் போய்ச் சேர்ந்து திறந்தபின் அந்த ஆப் அதை என்ன செய்கிறது என்பது அந்த ஆப்பைத் தயாரித்தவரின் நேர்மையைப் பொறுத்தது, மெட்டா அதற்கு உத்தரவாதம் தராது. இன்னொன்று, யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்கிற விவரம் இப்போது இரண்டு கம்பெனிகளிடமும் இருக்கும். சிக்னலின் தலைவர் மெரிடித் விட்டேக்கர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எங்கள் தனியுரிமைத் தரத்தைக் குறைத்துக்கொண்டு நாங்கள் யாரோடும் இணைய மாட்டோம். சுவிட்சர்லாந்தின் த்ரீமா என்ற மெசேஜிங் ஆப்பும் மறுத்துவிட்டது.

இங்கே சட்டத்தின் ஒரு நல்ல அம்சத்தைப் பலர் கவனிப்பதில்லை. கடமை பெரியவர் மீது மட்டும்தான். சிக்னல் சேரலாம், சேராமலும் இருக்கலாம், அது அவர்கள் விருப்பம். பயனாளருக்கும் அப்படியே, வசதியை நீங்கள் இயக்காவிட்டால் வெளி ஆப்பிலிருந்து ஒரு மெசேஜும் வராது. மோசடி மெசேஜ் கவலைக்கும் பாதி பதில் அதில் இருக்கிறது. மீதிப் பாதிக்கு, இணைகிற கம்பெனி தன் பயனாளர்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று விதி இருக்க வேண்டும். கெட்டவர்களைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பும் ஆப்பின் இணைப்பைத் துண்டிக்கவும் வழி இருக்க வேண்டும்.

அப்புறம், இதைக் கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பந்தமாக விடாமல் பொதுத் தரமாக்கும் வேலையும் நடக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2023 ஜூலையில் எம்எல்எஸ் என்ற குரூப் என்க்ரிப்ஷன் தரத்தை வெளியிட்டது, வெவ்வேறு ஆப்களை இணைக்கும் தரத்துக்குத் தனிக் குழுவும் அமைத்தது. சிக்னலின் தயக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பாதுகாப்பு என்கிற ஒரே காரணத்தைக் காட்டிக் கதவையே திறக்காமல் வைத்திருக்கும் உரிமையை மெட்டாவுக்குக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ஆப்பிளின் ஐமெசேஜ் எப்படித் தப்பித்தது?
– வாசகர், கோயம்புத்தூர்

பயனாளர் எண்ணிக்கை வரம்பைத் தொட்டது, ஆனால் ஐரோப்பாவில் வணிகங்கள் வாடிக்கையாளரோடு பேச அதை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை என்று ஆப்பிள் வாதாடியது. ஐரோப்பிய ஆணையம் விசாரித்து, 2024 பிப்ரவரியில் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதே வருடம் ஐஓஎஸ் 18-ல் ஆப்பிள், எஸ்எம்எஸ்ஸின் அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ் வசதியைச் சேர்த்தது, அதனால் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே போட்டோ ஓரளவு தெளிவாகப் போகிறது.

கேள்வி: நான் தொலைபேசித் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். எந்த எக்ஸ்சேஞ்சிலிருந்தும் எந்த எக்ஸ்சேஞ்சுக்கும் பேசலாம் என்பது எங்களுக்கு அடிப்படை. மெசஞ்சர்கள் வந்த காலத்தில் இதை யாருமே யோசிக்கவில்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

யோசித்தார்கள் ஐயா, முயன்றும் பார்த்தார்கள். உங்கள் துறையிலேயே தொடங்குகிறேன். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்க நகரங்களில் இரண்டு தொலைபேசிக் கம்பெனிகள் இருந்தால் கடைக்காரர் மேசையில் இரண்டு போன் வைத்திருப்பார், ஏனென்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேச முடியாது. பெரிய கம்பெனியான ஏடி அண்ட் டி சின்ன கம்பெனிகளைத் தன் தொலைதூர லைன்களில் சேர்க்கவில்லை. ஏகபோகத் தடைச் சட்டத்தில் வழக்கு நெருக்கியபோதுதான் 1913 டிசம்பரில் அரசோடு சமரசம் செய்துகொண்டு இணைப்பு கொடுக்க ஒத்துக்கொண்டது. கிங்ஸ்பரி கமிட்மென்ட் என்று அதற்குப் பெயர். நீங்கள் அடிப்படை என்று சொல்வது தானாக வந்த பழக்கம் இல்லை, சட்டத்தின் அழுத்தத்தில் வந்தது.

மெசஞ்சர் கதை 1999-ல் சூடு பிடித்தது. அமெரிக்க இணையக் கம்பெனியான ஏஓஎல்லின் மெசஞ்சர்தான் அன்றைக்குப் பெரியது. மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மெசஞ்சரை வெளியிட்டபோது அதிலிருந்தே ஏஓஎல் நண்பர்களோடு பேசும்படி செய்திருந்தது, அனுமதி கேட்காமல். ஏஓஎல் தடுத்தது. மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருளை மாற்றி மறுபடியும் நுழைந்தது, ஏஓஎல் மறுபடியும் தடுத்தது. இப்படியே கொஞ்ச காலம் ஓடி, கடைசியில் மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. 2001-ல் ஏஓஎல்லும் ஊடகக் கம்பெனியான டைம் வார்னரும் ஒன்றாகச் சேர அனுமதி கொடுத்தபோது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு நிபந்தனை போட்டது: அதிவேக இணையத்தில் வீடியோ போன்ற மேம்பட்ட மெசேஜிங் சேவைகளைக் கொண்டுவர வேண்டுமென்றால் மற்றவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று. கோடிக்கணக்கானோர் அன்றாடம் பயன்படுத்திக்கொண்டிருந்த சாதாரண எழுத்து மெசேஜை அந்த நிபந்தனை தொடவே இல்லை. 2003-ல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

அப்புறம் கூகுள். 2005-ல் வந்த கூகுள் டாக், அடுத்த வருடமே எக்ஸ்எம்பிபி என்ற திறந்த முறையில் வேறு சர்வர்களோடு இணைந்தது. யார் வேண்டுமானாலும் சொந்த சர்வர் வைத்துக்கொண்டு ஜிமெயில்காரரோடு அரட்டை அடிக்கலாம் என்ற நிலைமை நிஜமாகவே இருந்தது. 2013-ல் ஹேங்அவுட்ஸ் வந்தது, கூகுள் அந்தத் திறந்த பாதையைக் கைவிட்டது.

சின்னதாக இருக்கும்வரை திறந்திருப்பதில் கம்பெனிக்கு லாபம், பெரிதானபின் மூடுவதில் லாபம். அதனால் 'நாங்களாகவே திறப்போம்' என்று எந்தக் கம்பெனி சொன்னாலும், அது நம்ம ஊர்க் கம்பெனியாகவே இருந்தாலும், அந்த வாக்குறுதி சட்டமாக எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பேன்.

கேள்வி: வாட்ஸ்அப் இலவசம். விலையே இல்லாத பொருளில் போட்டிச் சட்டத்துக்கு என்ன வேலை? இந்தியப் போட்டி ஆணையம் போட்ட ₹213 கோடி வழக்கு எங்கே நிற்கிறது?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

விலை ரூபாயில் இல்லை, தகவலில் இருக்கிறது. இதை நம் ஆணையம் ஏற்றுக்கொண்டது என்பதே அந்த வழக்கின் முக்கியத்துவம். 2016-ல் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது, ஃபேஸ்புக்கோடு தகவல் பகிர்வதில் சிலவற்றுக்காவது 'வேண்டாம்' என்று சொல்ல அன்றைய பயனாளர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 2021 ஜனவரியில் வந்த மாற்றத்தில் அது இல்லை, ஏற்றுக்கொள் இல்லையேல் வெளியே போ என்பதுதான். ஆணையம் யாரும் புகார் கொடுக்கும்வரை காத்திராமல் தானாகவே எடுத்து, 2021 மார்ச்சில் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2024 நவம்பர் 18 அன்று தீர்ப்பு: போட்டிச் சட்டம் 2002-ன் 4-வது பிரிவின் கீழ் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது, மெட்டாவுக்கு ₹213.14 கோடி அபராதம், விளம்பரத்துக்காக மெட்டாவின் மற்ற கம்பெனிகளோடு தகவல் பகிர ஐந்து வருடத் தடை. மெட்டா மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் தடைக்கு இடைக்கால நிறுத்தம். 2025 நவம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, ஐந்து வருடத் தடையை நீக்கியது.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். கொள்கை மாறி ஏறக்குறைய நாலு வருடம் கழித்து வந்த ஆணையத்தின் தீர்ப்பு, அதற்குள் மாற வேண்டியதெல்லாம் மாறிவிட்டது. இன்னொன்று, ஆணையம் முழுதாக ஜெயித்திருந்தாலும் ஈரோட்டுக் கடைக்காரர் வாட்ஸ்அப்பை விட்டு வெளியேற முடிந்திருக்காது. தகவலைப் பகிராதே என்று சொல்லும் உத்தரவு, பூட்டியிருக்கும் ஆப்பைத் திறப்பதில்லை. 'ஏற்றுக்கொள் இல்லையேல் போ' என்று ஒரு கம்பெனி தைரியமாகச் சொல்வதே நீங்கள் போக முடியாது என்று அதற்குத் தெரிந்திருப்பதால்தான், அந்தத் தைரியத்தின் வேர் அப்படியே இருக்கிறது.

அதிகாரம் குவிந்தபின் கலைப்பதும் சுலபமில்லை. 2014-ல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஆணையம் அனுமதித்தது, அப்புறம் அந்த விசாரணையில் தவறான தகவல் கொடுத்ததற்காக 2017-ல் 11 கோடி யூரோ அபராதம் போட்டது, ஆனால் வாங்கியது வாங்கியதாகவே இருந்தது. அமெரிக்காவில் வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டாகிராமையும் பிரிக்கக் கேட்டு 2020 டிசம்பரில் போட்ட வழக்கிலும் 2025 நவம்பரில் தீர்ப்பு மெட்டாவுக்குச் சாதகம். பிரிப்பது நடக்காது என்றால் மிச்சமிருக்கும் வழி திறப்பதுதான். தேர்வில் இந்தப் பகுதி வந்தால் இதை வாதமாக எழுதுங்கள், எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுத்து.

கேள்வி: வாட்ஸ்அப்பிலேயே சாட்ஜிபிடி நம்பரை வைத்து மாணவர்களுக்குப் பயிற்சிக் கேள்விகள் தயார் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று நின்றுவிட்டது. ஏன்?
– டியூஷன் சென்டர் நடத்துபவர், சேலம்

வாட்ஸ்அப் தன் வணிக இணைப்புக்கான விதியை மாற்றி, பொதுப் பயன்பாட்டு ஏஐ சாட்பாட்களுக்கு 2026 ஜனவரி 15 முதல் இடமில்லை என்றது. சாட்ஜிபிடி வெளியேறியது, மைக்ரோசாஃப்டின் கோபைலட்டும் வெளியேறியது. மெட்டா ஏஐ மட்டும் அதே ஆப்புக்குள் இருக்கிறது. 2025 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் இடைக்கால உத்தரவு போட்டது, ஐரோப்பிய ஆணையமும் விசாரணை தொடங்கியது. இது நாம் பேசும் அதே பிரச்சினையின் இன்னொரு முகம். மெசேஜிங்கில் ஆளைப் பிடித்துவைத்திருப்பவர் அடுத்து வரும் சந்தையிலும் யார் நுழையலாம் என்று தீர்மானிக்கிறார். மாணவர்களுக்கு அந்தச் சேவையின் சொந்த ஆப்பையோ தளத்தையோ காட்டுங்கள்.

கேள்வி: மெசேஜிங் ஆப்பை அரசு கட்டுப்படுத்தட்டும் என்கிறீர்கள். அரசு உள்ளே வந்தால் நம் மெசேஜைப் படிக்கத்தானே பார்க்கும்?
– வாசகர், புதுச்சேரி

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2021-ன் ஐடி விதிகளில் ஒரு மெசேஜை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துத் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது, அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இங்கிருந்து போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னதும் செய்தியில் வந்தது. அந்த விஷயத்தில் நான் வாட்ஸ்அப் பக்கம்தான். 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை சிம் இருந்தால்தான் ஆப் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டது, அதுவும் வேறு வகை. இவை அரசுக்குக் கூடுதல் பிடி கொடுப்பவை.

போட்டிச் சட்டம் கேட்பது கம்பெனியின் பிடியைத் தளர்த்துவதை. அதற்கு ஒரு மெசேஜைக்கூட யாரும் படிக்கத் தேவையில்லை. உங்கள் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள், இந்தியாவில் சட்டம் எழுதும்போது முதல் பத்தியிலேயே என்க்ரிப்ஷனைத் தொடக் கூடாது என்று எழுத வைக்க அந்தச் சந்தேகம் தேவைப்படும்.

கேள்வி: இந்தியாவில் சட்டம் எந்த நிலைமையில் இருக்கிறது? உங்களைக் கேட்டால் அதில் என்ன எழுதுவீர்கள்?
– மென்பொருள் நிறுவன ஊழியர், சென்னை

2022 டிசம்பரில் நிதித்துறை நாடாளுமன்ற நிலைக்குழு, பெரிய டிஜிட்டல் கம்பெனிகளுக்கு முன்கூட்டிய விதிகள் வேண்டும் என்றது. 2024 மார்ச்சில் அதற்கான குழு டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவை வெளியிட்டது. வரம்புகள் ஐரோப்பாவை நினைவூட்டும்: இந்தியாவில் ₹4,000 கோடி விற்றுமுதல் போன்ற பண அளவுகோல்களில் ஒன்றோடு, ஒரு கோடி பயனாளர்கள் அல்லது 10,000 வணிகப் பயனாளர்கள். சேவைகளின் பட்டியலில் மெசேஜிங்கும் இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவின் 7-வது பிரிவு போல மெசேஜிங் ஆப்பைப் பிற ஆப்களோடு இணைக்கச் சொல்லும் தனிப் பிரிவு அதில் இல்லை. வரைவு இன்னும் சட்டமாகவும் இல்லை.

என்னைக் கேட்டால் அந்தப் பிரிவைத்தான் முதலில் சேர்ப்பேன். மிகப் பெரிய ஆப்புக்கு மட்டும் கடமை, கட்டணம் கிடையாது, எழுத்தும் படமும் முதலில், என்க்ரிப்ஷன் தரம் குறையக் கூடாது, பயனாளர் விரும்பினால் மட்டும் இணைப்பு. ஐரோப்பா விட்ட ஒன்றையும் பிடிப்பேன். அங்கே ஒவ்வொரு சின்ன கம்பெனியும் மெட்டா எழுதிய நிபந்தனையில் மெட்டாவோடுதான் ஒப்பந்தம் போட வேண்டும். இங்கே நிபந்தனையை ஒரு பொது அமைப்பு எழுதட்டும், வழக்கு என்று வந்தால் இத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்று காலக்கெடுவும் போடட்டும்.

யூபிஐயை எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள், சரியான உதாரணம்தான். போன்பே வைத்திருப்பவர் கூகுள் பே காரருக்குப் பணம் போடும்போது இரண்டும் வேறு கம்பெனி என்ற நினைப்பே வருவதில்லை. ஆனால் அங்கேயும் பெரும்பகுதிப் பரிமாற்றம் அந்த இரண்டு ஆப்களில்தான் நடக்கிறது. எந்த ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் அறிவித்த வரம்பை 2026 முடிவு வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தவுடன் பெரியவர் சின்னவராகிவிட மாட்டார் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனாலும் யூபிஐயில் நாளைக்கே ஆப்பை மாற்றினால் உங்கள் மளிகைக்கடைக்காரருக்குப் பணம் கொடுக்க முடியாமல் போவதில்லை, மெசேஜிங்கில் நான் கேட்பது அந்த அளவுக்குத்தான்.

கேள்வி: கேட்டரிங் தொழில் செய்கிறேன். ஆர்டர் எல்லாம் ஒரு மெசேஜிங் ஆப்பில்தான். முகூர்த்த சீசன் நடுவில் என் நம்பரை முடக்கிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. என்ன செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. ஆப்கள் ஒன்றோடொன்று பேசினால் நீங்கள் அன்றைக்கே வேறு ஆப்பில் அதே வாடிக்கையாளர்களுக்குப் பதில் போட்டிருக்கலாம். அதுவரை இருக்கிற வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஆப்புக்குள்ளேயே மறுபரிசீலனை கேளுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல், அந்தக் கம்பெனியின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் விவரம் கம்பெனியின் தளத்தில் இருக்க வேண்டும் என்பது ஐடி விதி. 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், 7 நாளில் தீர்க்க வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே போகலாம், வக்கீல் தேவையில்லை. புகாரில் நம்பர் முடங்கிய தேதி, எத்தனை ஆர்டர் நிலுவையில் இருந்தது, எப்போது மறுபரிசீலனை கேட்டீர்கள் என்பதை மட்டும் வரிசையாக எழுதுங்கள்.

நம்பர் திரும்பக் கிடைத்ததும் முதல் வேலையாக, ஆர்டர் கொடுத்த எல்லாருடைய பெயர், போன் நம்பர், விசேஷத் தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கிடைக்காவிட்டாலும் போன மாத ரசீதுகளிலிருந்து அந்த நோட்டை இன்றைக்கே தொடங்கி, அடுத்த முகூர்த்தத்துக்கு ஆர்டர் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.